மூக்கன் பாட்டு

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் சறுக்கி விழுந்த யானையின் பெயரை வைத்து யாரும் பாட்டுக் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை. எனக்குக் கட்டினார்கள். அது போதாதென்று அதை இசைத்தட்டிலும் பதித்து, அக்கரப்பத்தனையிலிருந்து கொழும்பு வரைக்கும் பாட விட்டார்கள்.

என் பெயர் மூக்கன். எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்பதால் எனக்கு மூக்குக் குத்தி இந்தப் பெயரை வைத்தார்கள். நானும் தங்கிவிட்டேன். இன்றைக்கும் சிலர் என் பெயரைக் கேட்டதும் உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்கள். அடக்காதீர்கள், சிரித்துவிடுங்கள், எனக்குப் பழகிப்போச்சு என்பேன். ஆனால் ஆரம்பத்தில் எனக்கு வந்தது கோபம்தான்.

ஐம்பத்து நாலாம் வருஷம். நான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாக்குக்காரன். பெண்கள் எடுத்த கொழுந்தை நிறுத்து முடித்ததும், அதைச் சாக்கில் அமுக்கிக் கட்டித் தலையில் வைத்து, கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குறுக்குப் பாதையில் பாசி படிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த நிமிஷம், மழைத் தண்ணீர் ஓடுவதற்கு வெட்டியிருந்த கானுக்குள் குப்புறக் கிடந்தேன். சாக்கின் வாய் அவிழ்ந்து கொழுந்தெல்லாம் தண்ணீரோடு மிதந்து போனது. மேலே நிரை பிடித்து நின்ற பெண்கள் பதறிக்கொண்டு ஓடி வந்திருக்க வேண்டாமா? நின்ற இடத்திலேயே சிரித்தார்கள். அதிலும் ஒருத்தி சிரித்த சிரிப்பு அடுத்த தோட்டத்துக்கே கேட்டிருக்கும். அவள்தான் சண்முகவடிவு.

வடிவுதான் அந்த நிரையில் பாட்டெடுப்பவள். அவள் ஓரடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே வாங்கிப் பாடுவார்கள். கங்காணி தூரத்தில் இருந்தால் கங்காணியைப் பற்றிப் பாட்டு, கிட்டத்தில் வந்துவிட்டால் முருகனைப் பற்றிப் பாட்டு. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, வெறும் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மலையேறினேன். கங்காணியும் இல்லை, முருகனும் இல்லை. நான்தான் இருந்தேன்.

கொழுந்துச் சாக்கத் தூக்கிக்கிட்டுக்
கோணப் பாதை போறவனே,
கானுக்குள்ள குப்புறத்தான்
கெடந்து என்ன தேடுற – ஏ
மூக்கா, என்ன தேடுற?

நான் சாக்குகளைத் தரையில் வீசினேன். "ஏய், பாட்டுக் கட்ட ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்று கத்தினேன்.

வடிவின் கை நிற்கவில்லை. "ஆளு நெறைய இருக்காங்க. ஒருத்தரும் விழ மாட்டேங்குறாங்களே" என்றாள்.

அதற்குப் பிறகு நாளுக்கொரு அடி முளைத்தது. அட்டை கடித்த காலோடு நான் ஆடிய ஆட்டத்துக்கு ஓரடி, தலைப்பாகை தண்ணீரில் போனதற்கு ஓரடி. ஊர் வாயை உலைமூடி கொண்டா மூட முடியும்? லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் முதல் கணக்கப்பிள்ளை வரைக்கும் என்னைக் கண்டால் முணுமுணுத்தார்கள். வேறு தோட்டத்துக்கே போய்விடலாம் என்றுகூட யோசித்தேன். அந்தச் சமயத்தில்தான், ஒரு நாள் மழை விட்ட பிறகு, அவள் புதிதாக ஓரடி எடுத்தாள்.

மழையும் விட்டுப் போயிருச்சு,
மலையும் வெளுத்துப் போயிருச்சு,
கை கொடுக்க ஆளிருக்கு,
எந்திரிச்சு வாய்யா – ஏ
மூக்கா, எந்திரிச்சு வாய்யா.

மற்ற பெண்கள் சட்டென்று வாங்கிப் பாடவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். வடிவு குனிந்து கொழுந்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. வந்த மாதிரிக் காட்டிக்கொண்டு தினமும் அந்த மலைக்கே போனேன்.

இந்தப் பாட்டு வெளியே போனதற்குக் காரணம் ஒரு பஸ். ஹட்டன் பசாரில் கிராமபோன் கடை வைத்திருந்த நஜீம் முதலாளி வந்த பஸ் எங்கள் மலைக்குக் கீழே நின்றுபோய்விட்டது. மற்றவர்கள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றார். கொழும்பில் இசைத்தட்டுப் போடும் கூட்டாளி ஒருவர் அவருக்கு இருந்தார். தோட்டத்து மேலதிகாரி கண்டாக்கையாவிடம் நயமாகப் பேசி, வடிவையும் நிரையில் அவளோடு பாடும் ராக்காயியையும் இன்னும் சில பெண்களையும் கோச்சி ரயிலில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். போனார்கள், பாடினார்கள், கொழும்பில் ஒரே புழுக்கம் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்கள். இசைத்தட்டு வந்தபோது அதில் 'தோட்டத்துப் பெண்கள்' என்று மட்டும்தான் போட்டிருந்தது. வடிவின் பெயர் இல்லை. என் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது: 'மூக்கன் பாட்டு'.

அப்புறம் கேட்க வேண்டுமா. தேத்தண்ணிக் கடையில் அந்தப் பாட்டு. கல்யாண வீட்டில் அந்தப் பாட்டு. மஸ்கெலியாவில் மாரியம்மன் திருவிழாவுக்குப் போனால் சாமி புறப்படுவதற்கு முன்னால் அந்தப் பாட்டு. தமிழ் ஒரு சொல் தெரியாத சிங்களப் பிள்ளைகள்கூட 'ஏ மூக்கா' மட்டும் சுத்தமாகப் பாடினார்கள். பஸ்ஸில் சில்லறை கீழே விழுந்து நான் குனிந்தால் போதும், பஸ் முழுவதும் 'என்ன தேடுற' என்று கேட்கும். கடைசியில் பெரியவர்கள் கூடி, இவன் பேரு ஊர் முழுக்கப் போயிருச்சு, போக வைத்தவளையே இவனுக்குக் கட்டி வைப்போம் என்று முடிவு செய்தார்கள். அந்தத் தண்டனைக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தை மாதம் கல்யாணம் நடந்தது.

தாலி ஏறிய நிமிஷத்தோடு வடிவின் வாயிலிருந்து என் பெயர் நின்றுபோனது.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். வடிவு இதில் படு கெட்டி. நிரையில் அந்தப் பாட்டையே விட்டுவிட்டாள். பெயரை மட்டுமா, மூக்கு என்ற சொல்லையே விட்டுவிட்டாள். மூக்குத்தி அவளுக்கு 'மின்னுறது'. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் "ஏ…" என்று ஓர் இழுப்பு, பிறகு "இந்தாங்க". ஒரு முறை மகனுக்குச் சளி பிடித்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். "புள்ளைக்கு அவங்கப்பா பேரு ஒழுகுதுங்க" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா பெயர் என்ன என்று கேட்டார். அவள் திரும்பி, வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் முன்பின் தெரியாதவள்தான், ஆனால் எங்கள் பாட்டு தெரிந்தவள். "மூக்கன்ங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். அடுத்தவளுக்காக இப்படிப் பெயர் சொல்வது எங்கள் பெண்களுக்குள் ஒரு கைமாற்று. கேட்காமலே கொடுப்பார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு ஓர் ஆசை இருந்தது. ஊரில் எல்லாரும் என் பெயரைச் சொல்கிறார்கள், கட்டினவள் வாயால் ஒரு தடவை கேட்க முடியவில்லையே என்ற ஆசை. அதற்கு ஒரே வழி ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த முனாப் நானாவின் கடை. அங்கே அந்த இசைத்தட்டு இருந்தது. ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு உட்காருவேன். கேட்காமலே முனாப் நானா போடுவார். கல்யாணத்துக்கு முந்தின வடிவு என்னை வாய் நிறையக் கூப்பிடுவாள். தன் பெயரைத் தானே கேட்டு ரசிக்கிற கிறுக்கன் என்று கடையில் மற்றவர்கள் நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

வருஷம் ஓட ஓட அந்தத் தட்டும் தேய்ந்தது. பாட்டைவிடக் கரகரப்பு அதிகமாகிவிட்டது. அறுபத்து மூன்றில் நஜீம் முதலாளி பிஸ்கட் பொட்டலத்தோடு எங்கள் லயத்துக்கு வந்தார். கொழும்பில் பழைய அச்சு உடைந்துவிட்டது, இப்போது சின்னத் தட்டு வந்திருக்கிறது, பாட்டைப் புதிதாகப் பாடிப் போட வேண்டும் என்றார்.

"இந்தத் தடவ 'சண்முகவடிவு குழுவினர்'னு பேரு போட்டுத்தான் வெளியாகும். அது என் பொறுப்பு" என்றார்.

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி எல்லா லயத்துக்கும் போய்விட்டது, அவளேதான் கொண்டுபோனாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. அடுப்பை ஊதும்போதும் பாட்டு, பிள்ளைக்குத் தலை வாரும்போதும் பாட்டு. ஆனால் என் பெயர் வரும் இடத்தில் மட்டும் 'ம்ம்' என்று முனகிவிட்டுத் தாண்டிப்போனாள். நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை. மைக்குக்கு முன்னால் நின்று பாடும் வேகத்தில் பழைய பழக்கத்தில் வந்துவிடும் என்று மனப்பால் குடித்தேன். அதைக் கேட்கத்தான் நானும் கொழும்புக்குப் புறப்பட்டேன்.

கொழும்பில் வாத்தியக்காரர்களுக்குத் தலைவர் செல்லசாமி மாஸ்டர். சலவைச் சட்டை, கழுத்தில் பவுடர். கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். பெண்கள் நாலு பேரையும் பின்னால் சுவரோரம் நிறுத்தி, தான் கை காட்டினால் மட்டுமே பாட வேண்டும் என்றார். வடிவு முன்னால். நான் கதவோரம். வேறொரு பாட்டுக்கு வந்திருந்த ரேடியோப் பாடகி நாகலெட்சுமி ஒரு மூலையில் நாற்காலியில் இருந்தாள். வயலின் ஆரம்பித்தது. வடிவு எடுத்தாள். ஒன்பது வருஷத்தில் அந்தக் குரல் கொஞ்சம் தடித்திருந்தது, இனிப்பும் கூடியிருந்தது.

'கானுக்குள்ள குப்புறத்தான் கெடந்து என்ன தேடுற – ஏ…'

நின்றுவிட்டாள். 'ம்ம்' கூட வரவில்லை. வயலின்காரர் வில்லைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அந்த நிசப்தத்தில், வீட்டுப் பழக்கத்தில், நான் கதவோரத்திலிருந்து "என்ன வடிவு?" என்று கேட்டுவிட்டேன்.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி அதே இடத்தில் நின்றாள். மிஷின்காரர் மிஷினைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் ராக்காயிதான் விஷயத்தை உடைத்தாள்: "புருசன் பேரு, மாஸ்டர். எப்படிச் சொல்லுவா?"

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்கதான் அந்த மூக்கனா" என்றார். எனக்கு எதிரில் இருந்தும் சிரிக்காமல் இருந்தாரே, அதற்காகவே அவரை மதிக்கலாம். "சரி, பேர மாத்துவோம். 'ஏ ராசா'ன்னு பாடும்மா."

"வேற ஒரு ஆம்பளைய நான் எதுக்குங்க கூப்பிடணும்?" என்றாள் வடிவு. எனக்கும் சுள்ளென்று வந்தது. கானில் விழுந்தவன் நான், கைகொடுக்க வருவது ராசாவுக்கா?

மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. நேரம் போகிறது, நாகலெட்சுமியே பாடட்டும், தட்டில் அவள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். நஜீம் முதலாளி குறுக்கே பேசிப் பார்த்தார், எடுபடவில்லை. நாகலெட்சுமி நல்ல பெண், தயங்கித் தயங்கித்தான் எழுந்தாள். ஒத்திகைக்கு ஒரு முறை பாடினாள். என் பெயரைத் தேன் மாதிரிதான் கூப்பிட்டாள். எனக்கு யாரையோ கூப்பிடுவது போலிருந்தது. வடிவு தலையைக் குனிந்தபடி வெளியே போய் நடையில் நின்றாள்.

நான் பின்னாலேயே போனேன்.

"வடிவு, ஒரே ஒரு தடவ சொல்லிரு. எனக்கு ஒண்ணும் ஆகாது. கான்ல விழுந்தே ஆகாதவன் நான்."

"கான்ல விழுந்தப்ப நீங்க யாரோ, நான் யாரோ" என்றாள். "இப்ப அப்படியா? பாட்டுப் போனா போகுதுங்க. லயத்துல சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போறாங்க. எனக்கு நீங்க இருந்தாப் போதும்."

அழவில்லை அவள். சாதாரணமாக, உப்பு இல்லை என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. எட்டு வருஷமாக என் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். சொல்லாமல் இருந்ததுதான் அவள் எனக்காகச் செய்த நேர்த்திக்கடன் என்பது அந்த நடையில்தான் உறைத்தது. என் ஆசையை அங்கேயே மூட்டை கட்டினேன். ஆனால் பாட்டு அவளுடையது. அதை விட்டுவிட்டு ஊருக்குப் போக எனக்கு மனசில்லை.

உள்ளே போய் ராக்காயியிடம் கேட்டேன். "ராக்காயி அக்கா, ஆஸ்பத்திரியில டாக்டர் பேரு கேட்டா நீங்கள்லாம் என்ன செய்வீங்க?"

"பக்கத்துல நிக்கிறவ சொல்லுவா."

"அப்ப இங்க ஏன் எல்லாரும் வாய மூடிக்கிட்டு நிக்கிறீங்க?"

"மாஸ்டர் கை காட்டலையே" என்றாள் ராக்காயி.

நஜீம் முதலாளிதான் முதலில் சிரித்தார். பிறகு நாகலெட்சுமி சிரித்தாள். "மாஸ்டர், அக்காவே பாடட்டும். நானும் பின்னால போய் நின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவளாகவே சுவரோரம் போனாள். மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஒரே ஒரு தடவைதான் என்றார்.

வடிவைக் கூட்டி வந்து நிறுத்தினோம். வயலின் வந்தது, தபேலா வந்தது.

'கெடந்து என்ன தேடுற – ஏ…'

அவள் நிறுத்தினாள். சுவரோரமிருந்து ஐந்து தொண்டைகளும் ஒன்றாக 'மூக்கா' என்று கூவின. அந்தக் கூச்சலில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கானுக்குள் நான் கிடந்தபோது மலையிலிருந்து கேட்ட அதே சிரிப்பு. சிரிப்போடு சிரிப்பாக 'என்ன தேடுற' என்று முடித்தாள். மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தப் போகிறார் என்று பயந்தேன். அவர் இன்னும் வேகமாக என்று தபேலாக்காரருக்குச் சைகை காட்டினார்.

புதுத் தட்டு வெளிவந்தது. பழையதைப் போலப் பத்து மடங்கு ஓடியது. ஏன் என்று கேட்டால், பழைய பாட்டைச் சனங்கள் கேட்டார்கள், இந்தப் பாட்டைச் சனங்களும் சேர்ந்து பாடினார்கள். வடிவு 'ஏ' என்று நிறுத்தியதும் தேத்தண்ணிக் கடையே கூவும். பஸ்ஸில் யாராவது 'ஏ' என்று இழுத்தால் சிங்களக் கண்டக்டர் பெயரைச் சொல்லி முடித்துவிட்டு டிக்கட் கேட்பார். அந்த வருஷம் எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். கோயில் வாசலில் நின்ற அத்தனை சனமும் ஒரே குரலில் கத்தியது. என் மகனும் கத்தினான். பெற்ற அப்பனை இப்படியா கூப்பிடுவது என்று அதட்ட வாயெடுத்தேன், முடியவில்லை, சிரித்துவிட்டேன். பக்கத்தில் வடிவு மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தட்டில் அவள் பெயர் இருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களிடமெல்லாம் காட்டி, படிக்க வைத்துக் கேட்டாள்.

புதியது வந்த பிறகு முனாப் நானா தன் பழைய தட்டை என் கையில் கொடுத்துவிட்டார். "இந்தப் புள்ள குரல இனி ஒங்க வீட்டுலயே வச்சிக்கோங்க" என்றார். நஜீம் முதலாளி கடையில் கிடந்த ஒரு பழைய கிராமபோனைத் துடைத்துக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை லயத்துக்குக் கொண்டுவந்து, சாவி கொடுத்து, தட்டைப் போட்டேன். வடிவு அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கரகரப்புக்கு நடுவில் அந்தப் பழைய குரல் வந்தது. இளசான குரல், பயமில்லாத குரல். 'ஏ மூக்கா' என்று கூப்பிட்டது.

நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டி கருகும் வாசம் வந்தது. கண்ணைத் திறந்தால், வடிவு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிராமபோனை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"அத நிப்பாட்டுங்க" என்றாள். "யாரு பெத்த பொண்ணோ, வெக்கமே இல்லாம அடுத்தவ புருசனப் பேரு சொல்லிக் கூப்பிடுறா."